சொடக்கு பந்தும் சும்மா போகும் பந்தும்

ஊரப்பாக்கத்தில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்குச் 'சொடக்கு பால்' என்றால் விளக்கம் வேண்டாம். கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் நடுவே பந்தை இடுக்கிக்கொண்டு, கேரம் ஆடுவதுபோலச் சுண்டிவிடுவது. உள்ளே வரும் என்று மட்டையைக் கொண்டுபோனால் வெளியே ஓடிவிடும். 2008 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் இதை வைத்து 13 ரன்னுக்கு 6 இந்திய விக்கெட்டுகளை எடுத்தபோது கிரிக்கெட் உலகம் வாயைப் பிளந்தது. மேற்கு மாம்பலத்தில் வளர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வினுக்கோ அது சென்னைத் தெரு ஆட்டத்தில் கைவந்த வித்தை.

அஸ்வின் என்றதும் எல்லோரும் அந்தப் பந்தைத்தான் சொல்வார்கள். ஆனால் நின்று ரசிக்க வேண்டியது அவருடைய சாதாரண ஆஃப் பிரேக்கை.

ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர் போய்க் கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால், ஓ.எம்.ஆரில் காலவாக்கம் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி வரும். அஸ்வின் தகவல் தொழில்நுட்பம் படித்தது அங்கேதான். அந்தப் படிப்பு பந்துவீச்சில் தெரியும் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு ஓவரில் ஆறு பந்தும் ஒரே பந்துபோல இருக்கும். கூர்ந்து பார்த்தால், ஒன்றைக் கிரீஸின் ஓரத்திலிருந்து வீசியிருப்பார். ஒன்றை ஸ்டம்பை ஒட்டி வந்து வீசியிருப்பார். ஒன்றில் வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஒன்றில் தையல் படுத்துக் கிடக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார். எது மாறியது என்று மட்டையாளர் கண்டுபிடிப்பதற்குள் ஓவர் முடிந்துவிடும், அல்லது அவர் ஆட்டம் முடிந்துவிடும்.

2020 டிசம்பர், அடிலெய்ட். ஸ்டீவ் ஸ்மித் ஒரே ரன்னில் நிற்கிறார். திரும்பும் என்று எதிர்பார்த்த பந்து திரும்பவே இல்லை. சும்மா நேராகப் போய் மட்டையின் விளிம்பைத் தொட்டு ஸ்லிப்பில் ரஹானே கையில் விழுந்தது. சுழல் பந்தில் மிக நுட்பமான சங்கதி சுழலாத பந்துதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இடக்கை ஆட்டக்காரர்கள் அவருக்குத் தனி விருந்து. டெஸ்ட் வரலாற்றில் 200 இடக்கையர்களை வீழ்த்திய முதல் பந்துவீச்சாளர் அவர்தான். 2021-ல் சேப்பாக்கத்தில் ஸ்டூவர்ட் பிராட் அந்த 200-ஆவது ஆள். அதற்கு முந்தைய வாரம் அதே மைதானத்தில் புதுப்பந்தைக் கையில் வாங்கி, இன்னிங்ஸின் முதல் பந்திலேயே இடக்கையர் ரோரி பர்ன்ஸை அனுப்பிவைத்தார். ஒரு சுழற்பந்து வீச்சாளர் இதைச் செய்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் மூளை பந்துவீச்சோடு நிற்கவில்லை. 2022 டி20 உலகக் கோப்பையில், மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 2 ரன் தேவை. லட்சம் பேர் கொள்ளும் மைதானம் கத்திக்கொண்டிருக்க, நவாஸ் காலுக்கு வெளியே வீசிய பந்தை அஸ்வின் தொடாமல் விட்டார். வைட். அடுத்த பந்தை மிட் ஆஃப் தலைக்கு மேல் தூக்கிவிட்டார், ஆட்டம் முடிந்தது. அந்த நேரத்தில் மட்டையை அடக்கிவைக்கும் நிதானம் எத்தனை பேருக்கு வரும்?

ஒரே டெஸ்டில் சதமும் ஐந்து விக்கெட்டும் என்ற இரட்டையை நான்கு முறை எட்டியிருக்கிறார். அவற்றில் இரண்டு சேப்பாக்கத்தில்: 2021-ல் இங்கிலாந்துக்கு எதிராக, 2024-ல் வங்கதேசத்துக்கு எதிராக.

குறை சொல்பவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. 537 டெஸ்ட் விக்கெட்டுகளில் 383 இந்திய மண்ணில் எடுத்தவை. இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து என்று பார்த்தால் அந்தச் செழிப்பு இல்லை. அங்கெல்லாம் வெளியே உட்காரவைத்ததும் உண்டு. 2021-ல் இங்கிலாந்துக்கு எதிராக அங்கே நடந்த நான்கு டெஸ்டிலும் அவருக்கு இடமில்லை. 2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்திலும் இல்லை.

அடுத்த மாதமே டொமினிகாவின் ரோசோ. மேற்கிந்தியத் தீவுகளின் இடக்கையர் தேஜ்நரைன் சந்தர்பாலுக்கு ஸ்டம்பைச் சுற்றி வந்து வீசினார். காற்றில் உள்ளே மிதந்துவந்த பந்து, தரையைத் தொட்டதும் வெளியே திரும்பி, விளிம்பைத் தாண்டி ஆஃப் ஸ்டம்பைச் சாய்த்தது. சொடக்கு எதுவும் இல்லை. பழைய, சாதாரண ஆஃப் பிரேக். அந்த டெஸ்டில் அவர் எடுத்தது 12 விக்கெட். 2011-ல் அஸ்வின் டெஸ்டில் அறிமுகமான தொடரில் அவரிடம் விழுந்தவர்களில் ஒருவர் ஷிவ்நரைன் சந்தர்பால், இந்த தேஜ்நரைனின் அப்பா.