ஆட்டம் அமைத்தவர் யார்?

'கோரியோகிராஃபி' என்பதைத் தமிழில் 'நடன அமைப்பு' என்று எழுதிப் பழகிவிட்டோம். கிரேக்கத்தில் அதற்கு இரண்டு வேர்கள்: ஆடல், எழுத்து. 1700-இல் பாரிசில் ஃபேயே வெளியிட்ட நூலில் அந்தச் சொல்லின் பொருள், ஆட்டத்தைக் குறியீடுகளால் தாளில் எழுதிவைப்பது. ஆட்டத்தை உருவாக்குவது என்ற பொருள் பிறகு வந்தது.

எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் ஊர்ப்பேச்சில் 'நடன அமைப்பு'க்கு வேலையே இல்லை. வள்ளி கும்மி சொல்லிக்கொடுப்பவர் வாத்தியார், அவ்வளவுதான். சினிமாவில் அவரே டான்ஸ் மாஸ்டர். இரண்டுக்கும் பொருள் ஆசிரியர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தகுதிகளை அடுக்குவதும் ஆடலாசிரியனுக்குத்தான். அடவுகளைத் தொடுத்தால் வருவதற்குப் பரதத்தில் 'கோர்வை' என்ற நல்ல சொல் உண்டு. கோத்தவரை மட்டும் நட்டுவனார் என்கிறோம். அமைப்பதும் சொல்லிக்கொடுப்பதும் நமக்கு ஒரே ஆளின் வேலை.

இந்த மரபு எனக்குப் பிடிக்கும். வட்டத்தின் நடுவில் நின்று பாடிக்கொண்டே ஆட்டுவிக்கிற வாத்தியாரை ஆட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் இதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. எந்தப் பாட்டுக்கு எத்தனை காலடி, எங்கே கைதட்டு, எங்கே குனிந்து திரும்புவது என்று முடிவுசெய்தவர், நோட்டீசில் 'பயிற்சி அளித்தவர்' ஆகிவிடுகிறார். பயிற்சி என்றால், ஏற்கெனவே இருந்ததைக் கைமாற்றிவிட்டார் என்றுதானே படிப்பவர் நினைப்பார்?

"பரம்பரை ஆட்டந்தானுங்க, இதுல ஒருத்தர் அமைச்சதுன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கதை வள்ளியுடையது, மெட்டு ஊருடையது. ஆனால் பரம்பரையும் யாரோ ஒருவர் கைவைத்துத்தான் மாறுகிறது. 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை மாவட்டத்துப் பத்ரப்பன், ஆண்கள் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியில் பெண்களைப் பழக்கி ஆடவைத்தவர். இன்று கொங்கு ஊர்களில் வட்டத்தை நிறைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். யார் வட்டத்துக்குள் வரலாம் என்று தீர்மானிப்பதும் அமைப்புதான். அதைப் பயிற்சி என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

வாத்தியார் என்ற சொல்லை விடவேண்டியதில்லை. கோயில் நோட்டீசில் 'ஆட்டம் அமைத்து ஆட்டுவிப்பவர்' என்று போட்டு அவர் பேரை எழுதினால் போதும். நாளைக்கு இன்னொரு ஊர்க்குழு அதே ஆட்டத்தை ஆடும்போது, அது யாருடைய கை என்று கேட்கவாவது ஒரு வழி இருக்கும்.