வட்டெழுத்து தரும் வளைவு

திருமண அழைப்பிதழில் தமிழ் அழகாகத் தெரிய, ஆங்கிலச் சரிவெழுத்தைப் பார்த்து நம் எழுத்தையும் சாய்த்து வால் நீட்டுகிறோம். அது தேவையில்லை; வளைவு நம் பழைய எழுத்திலேயே உண்டு. நெல்லையை அடுத்த மானூர்ச் சிவன் கோயிலில், ஊர்ச்சபை உறுப்பினருக்கான தகுதிகளைச் சொல்லும் பாண்டிய மன்னன் மாறஞ்சடையனின் கல்வெட்டு, சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில் வெட்டப்பட்டது. அவ்வெழுத்தில் கோடு மூலையில் முறியாமல் சுழன்று இறங்கும். சாய்வில்லாமலே கையோட்டம் தெரியும். சபை விதிக்கே பொருந்திய கம்பீரம் மணவோலைக்கும் பொருந்தும்.

இன்று அதை யார் படிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், வட்டெழுத்தில் பகரமும் வகரமும்கூட எளிதில் குழம்பும். அதனால் பழைய வடிவங்களை அப்படியே எடுக்க வேண்டாம். கோட்டின் ஓட்டத்தை மட்டும் இன்றைய ழகரத்துக்கும் ஞகரத்துக்கும் கொடுத்தால் போதும். எழுத்துரு வரைபவர்களே, அடுத்த அலங்கார எழுத்தைத் தொடங்குமுன் மானூருக்கு ஒருமுறை போய் வாருங்கள்.