எழுவாய் இல்லாத பயம்

மருத்துவ ஆய்விதழ்களை வாசிப்பது என் தொழில் அல்ல. கல்லூரியில் இலக்கணமும் இக்கால இலக்கியமும் நடத்துகிறவள் நான். ஆனால் ஒரு வாக்கியத்தில் எழுவாய் எங்கே போயிற்று என்று தேடும் பழக்கம், எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் என்னை விடுவதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் 2020 ஏப்ரலில் 'லான்செட்' குழுமத்தின் குழந்தை நல இதழில் வெளிவந்த ஒரு சிறிய கட்டுரையை வாசித்தேன். இத்தாலியக் குழந்தை மருத்துவர்கள் எழுதியது. முதல் ஆசிரியர் மார்சியா லாட்செரினி என்ற பெண்.

அது தரும் கணக்கு இது. 2020 மார்ச் 1 முதல் 27 வரை இத்தாலியின் குழந்தைகள் அவசரப் பிரிவுகளுக்கு வந்தோரின் எண்ணிக்கை, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் அதே நாட்களோடு ஒப்பிட்டால் 73 முதல் 88 சதவீதம் வரை குறைந்திருந்தது. மார்ச் 23க்கும் 27க்கும் இடையில், ஐந்து மருத்துவமனைகளில் மட்டும், காலம் கடந்து சிகிச்சைக்கு வந்த 12 குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்களில் பாதிப்பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். நான்கு பேர் இறந்தார்கள்.

ஏன் காலம் கடந்தது? தொற்றுக்குப் பயந்து மருத்துவமனையைத் தவிர்த்தோம் என்று பன்னிரண்டு குழந்தைகளின் பெற்றோரும் சொன்னதாகக் கட்டுரை எழுதுகிறது. தலைப்பிலேயே அந்தப் பயம் இருக்கிறது. பின்னால் செய்திகளிலும் பேச்சிலும் நின்றதும் அதுதான்: பெற்றோர் பயந்தார்கள், பிள்ளைகள் செத்தன. ஆனால் கட்டுரை அதோடு நிற்கவில்லை. பன்னிரண்டில் ஐந்து குடும்பங்கள் முன்பே மருத்துவச் சேவையைத் தொடர்பு கொண்டிருந்தன என்கிறது. மருத்துவருக்கே தொற்று வந்து அவர் கிடைக்காமல் போயிருக்கிறார். அல்லது தொற்று ஒட்டக்கூடும், வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பன்னிரண்டில் ஐந்து. இதைப் பயம் என்று சொல்லலாமா? தட்டியும் திறக்காத கதவுக்கு வேறு பெயர் வேண்டும். அந்த மருத்துவர்கள் நேர்மையானவர்கள். சிகிச்சையைத் தேடி வருவதில் தாமதம் என்பதோடு, சிகிச்சையை வழங்குவதில் தாமதம் என்பதையும் தலைப்பில் சேர்த்தே எழுதினார்கள். இரண்டாவதை உதறிவிட்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது, வாசித்தவர்களின் வசதி.

'பெற்றோர்' என்ற பொதுச்சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு உடம்பு சுடுகிறதா என்று நள்ளிரவில் தொட்டுப் பார்க்கும் கை பெரும்பாலும் யாருடையது? போவதா, விடியும்வரை பொறுப்பதா என்று நெஞ்சு படபடக்க முடிவெடுப்பது யார்? பெற்றோரின் பயம் என்று எழுதப்படுவது நடைமுறையில் தாயின் பயமாகவே வாசிக்கப்படுகிறது. அந்த வாசிப்புக்கு நம் மொழியில் நீண்ட மரபு உண்டு. பெண்ணுக்கு உரியவை என்று தொல்காப்பியம் அடுக்கும்போது அச்சம்தான் முதலில் வருகிறது. நாணும் மடமும் அதன் பின்னால். பிறகு பயிர்ப்பையும் சேர்த்து நாற்குணமாக்கி நமக்கு மனப்பாடம் செய்வித்தார்கள். அச்சத்தை முதலில் விதியாக்குவது, அவள் அஞ்சிய பிறகு அதையே குற்றமாக்குவது. 2020இல் அரசுகளும் மருத்துவமனைகளும் செய்தது இதிலிருந்து எவ்வளவு தூரம்?

'வீட்டிலேயே இருங்கள்' என்பது ஏவல் வினை. இங்கிலாந்தில் அதோடு 'தேசிய மருத்துவச் சேவையைக் காப்பாற்றுங்கள்' என்றும் சேர்த்துச் சொன்னார்கள். மருத்துவமனை தன்னைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தவளிடம், நீ வராமல் இருந்து மருத்துவமனையைக் காப்பாற்று என்று சொல்லப்பட்டது. அவள் சொன்னபடி கேட்டாள். சில வாரங்களில், பிள்ளைகளைத் தாமதமாகக் கொண்டுவருகிறார்கள் என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களே கவலைப்பட நேர்ந்தது. அவர்களுடைய ராயல் கல்லூரி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறத்தில் ஒரு தாள் வெளியிட்டது: எந்த அறிகுறிக்கு உடனே அவசரப் பிரிவு, எதற்குத் தொலைபேசி, எதற்கு வீடு. எளிமையான, நல்ல தாள். முதல் நாளே ஏவலோடு சேர்ந்து வந்திருக்க வேண்டியது, ஏவலால் விளைந்ததைச் சரிசெய்யப் பின்னால் வந்தது.

இப்படித் தாமதமானவற்றில் முதல் வகை நீரிழிவு திரும்பத் திரும்ப வருகிறது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் தாயின் அறிவு எங்கே கைவிடப்பட்டது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. குழந்தையின் உடலில் இன்சுலின் சுரப்பு நின்றுபோகிறது. முதலில் தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கையை நனைக்கும் பழக்கம் எப்போதோ விட்ட பிள்ளை மறுபடி நனைக்கிறது, நன்றாகத் தின்றும் மெலிகிறது. இதையெல்லாம் முதலில் பார்ப்பவள் போர்வையைத் துவைப்பவள். இந்த நிலையில் கண்டுபிடித்தால் பிள்ளை எளிதில் தேறும். விட்டால் இரத்தத்தில் அமிலம் சேர்ந்து, வாந்தி எடுத்து, ஆழமாக மூச்சு வாங்கி, நினைவிழக்கும். தொற்றுக்காலத் தொலைபேசியில் முதலில் கேட்கப்பட்ட கேள்விகளோ காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்பவை. நனைந்த போர்வையைப் பற்றிய கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. அவள் கவனித்தது அவர்கள் கேட்டதற்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

கதவு மூடியதற்கு நியாயமான காரணங்களும் இருந்தன, மறுக்கவில்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் மான்டிஃபியோர் குழந்தைகள் மருத்துவமனை, பெரியவர்களான கொரோனா நோயாளிகளுக்கென்று தன்னிடத்தில் ஒரு பிரிவைத் திறந்தது. மூச்சுத் திணறி வருகிறவர்களுக்கு வேறு எங்கும் இடமில்லாத நாட்கள் அவை. நானாக இருந்தாலும் திறந்திருப்பேன். ஆனால் வளம் குறையும்போது எது முதலில் நகர்த்தப்படுகிறது என்பதைக் குறித்து வைக்க வேண்டும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2020 ஜூன் அறிக்கைப்படி, அந்த வசந்த காலத்தில் அவசரப் பிரிவு வருகை மொத்தத்தில் 42 சதவீதம் குறைந்தது. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளிடம் 72 சதவீதம். ஆண்களின் வருகை 37 சதவீதம் குறைந்தபோது பெண்களுடையது 45 சதவீதம் குறைந்தது. வராமல் போனவர்களின் வரிசையில் குழந்தையும் பெண்ணும் முன்னால் நிற்கிறார்கள்.

இனி என் வீட்டுக் கதை. 2021 மே மாதம், இரண்டாம் அலை, முழு ஊரடங்கு. தங்கையின் மகனுக்கு நான்கு வயது. இரவு பத்தரைக்கு வீசிங் ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுத்தது. அந்த இழுப்பைப் பார்த்த பிறகு அவள் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. பதினொன்றேகாலுக்கு ஒரு மருத்துவமனையின் வாயிலில் நின்றோம். டெஸ்ட் ரிசல்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. கூட வருவது யார், ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். அட்டெண்டர் என்றால் அம்மா என்று கேட்காமலே எழுதிக்கொண்டார்கள். அவள் கணவன் பக்கத்திலேயே நின்றிருந்தான். எங்களை நிறுத்திவைத்ததும் ஒரு பெண்தான். கவச உடைக்குள் வியர்த்து, குரல் கம்மி, யாரிடமோ போனில் கேட்டுக் கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வீட்டில் பிள்ளை இருந்திருக்கும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நாற்பது நிமிடம் கழித்து உள்ளே விட்டார்கள்.

நெபுலைசர் வைத்த டாக்டர் தங்கையிடம் கேட்ட முதல் கேள்வி: "இவ்ளோ நேரம் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

அவள் பதில் சொல்லவில்லை. பையனின் மூக்கில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்திருந்தாள். இரண்டு நாள் அவள் மட்டும் உள்ளே இருந்தாள். கையெழுத்துகளை அவளே போட்டாள், ஆக்ஸிஜன் அளவை அவளே பார்த்தாள், தூங்கவில்லை. வெளியே மரத்தடியில் நாங்கள் நான்கு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பையன் தேறிவிட்டான். டிஸ்சார்ஜ் தாளை வீட்டுக்கு வந்து வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொன்னால், 'குழந்தை தாமதமாகக் கொண்டுவரப்பட்டது'. செயப்பாட்டுவினை. கொண்டுவந்தவள் அந்த வாக்கியத்தில் இல்லை, ஆனால் பழி அவளுடையது. நிறுத்திவைத்த நாற்பது நிமிடமும் இல்லை. அதைச் செய்தவர் எந்த வாக்கியத்திலும் வரவே மாட்டார்.

இத்தாலிக் கட்டுரையில் அந்த ஐந்து குடும்பங்களின் கணக்காவது இருக்கிறது. கேட்டும் கிடைக்காத பதிலை ஒரு மருத்துவர் கேட்டு எழுதிவைத்தார். நம் கேஸ் ஷீட்டில் அதற்கு ஒரு கட்டம் போட என்ன செலவாகும்? எப்போது கிளம்பினீர்கள், எப்போது வாயிலுக்கு வந்தீர்கள், முன்பே யாரையாவது கூப்பிட்டீர்களா. மூன்றே கேள்விகள்.

அந்தத் தாளைத் தங்கை தடுப்பூசி அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு இரண்டு முறை இரவில் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு முறையும், போகிற வழியிலேயே, பழைய பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் நேரத்தைக் குறித்திருக்கிறாள்: வீடு 1.10, கேட் 1.35, உள்ளே 1.40.