மூங்கில் வரைந்த அதிகாரி

மலையையும் மூங்கிலையும் தீட்டிய பண்டைச் சீன ஓவியரைப் பற்றி இருவகைத் தவறான கருத்துக்கள் நிலவுகின்றன. தூய கலைவாதிகள் அவர்களை உலகத் தொடர்பை அறுத்த ஞானிகளெனப் போற்றுவர். முற்போக்காளருள் சிலரோ, பட்டினியை வரையாதவன் பட்டினியை அறியாதவன் எனக்கூறி அவர்களை ஒதுக்குவர். படைப்பின் பொருளை மட்டும் நோக்கி, அது தோன்றிய வாழ்க்கையை நோக்காமையே இரு சாராரினதும் குறைபாடாகும். செங் பான்சியாவின் வரலாறு இதனைத் தெளிவுறுத்துகின்றது.

அவர் 1693ஆம் ஆண்டில் கியாங்சு மாகாணத்துச் சிங்குவாவில், வறிய படிப்பாளிக் குடும்பமொன்றிற் பிறந்தார். யாங்சௌ நகரிற் படம் விற்றுப் பிழைத்தார். 1736இல் பேரரசின் மிக உயர்ந்த தேர்விலே தேறினார். பின்னர் சாந்துங் மாகாணத்தின் பான் மாவட்டத்திலும், 1746 முதல் வெய் மாவட்டத்திலும் ஆட்சியதிகாரியாகக் கடமையாற்றினார். வெய் மாவட்டத்தைப் பஞ்சம் பீடித்தபோது, மேலிடத்து அனுமதிக்குக் காத்திராது அரச களஞ்சியத்தைத் திறந்தார் என்றும், செல்வரைக்கொண்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார் என்றும் அவரது வரலாறு கூறும். தம்பிக்கு எழுதிய கடிதமொன்றில், நால்வகை மாந்தருள் உழவனே முதல்வன், படித்தவனே கடையன் என வாதிட்டார். படித்தோரைத் தலையில் வைத்த சமுதாயத்தில், அப்படிப்பினாலேயே உயர்ந்த ஒருவரின் கூற்று இது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மூங்கில், ஓர்க்கிட், பாறை என்பனவே அவர் பெரிதும் விரும்பி வரைந்தவை. மெலிந்த தண்டுகள், எண்ணி வைத்தாற்போன்ற சில இலைகள், கருமையும் வெளிறலுமாக மையின் வேறுபாட்டினாலேயே தோன்றும் அண்மையும் சேய்மையும் ஆகியன அவரது நடையின் சிறப்பியல்புகள். பழைய எழுத்துமுறைகள் பலவற்றைக் கலந்து தாம் அமைத்த எழுத்தை, மூங்கில் தண்டுகளின் இடையேயும் அவர் பொறித்தார். கண்ட மூங்கில் வேறு, நெஞ்சில் எழுந்த மூங்கில் வேறு, கை வரைந்த மூங்கில் வேறு என்பது அவரது கொள்கை. இயற்கையை அப்படியே பிரதிசெய்வது கலையாகாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

வெய் மாவட்டத்தில் இருந்தபோது மேலதிகாரி ஒருவருக்கு வரைந்தளித்த மூங்கிற்படத்தில், இலைகளின் சலசலப்பு மக்களின் துயரக் குரலாகத் தமக்குக் கேட்பதாக எழுதினார். சான்றோனின் நிமிர்வுக்குச் சின்னமாயிருந்த மூங்கில் இங்கு மக்களின் குரலாகின்றது. இது பெரியதொரு மாற்றம். ஆயினும் அதன் எல்லையையும் நாம் காணவேண்டும். படத்தில் உள்ளது மூங்கிலே. துயரைச் சொல்வது எழுத்து. எழுத்தறியாத உழவன் தன் குரலை அப்படத்திற் கேட்டிருக்க முடியாது. அது மேலே உள்ளவரை நோக்கி ஓர் அதிகாரி விடுத்த வேண்டுகோளே.

1753இல் பதவியை விட்டபின் யாங்சௌவுக்கு மீண்டு, மறுபடியும் படம் விற்றார். 1759இல் அவர் எழுதிய விலைப்பட்டியல் புகழ்பெற்றது: பெரிய படச்சுருள் 6 லியாங் வெள்ளி, நடுத்தரமானது 4, சிறியது 2. பரிசுப்பொருளும் பலகாரமும் வேண்டாம், வெள்ளியே வேண்டும், கடன் இல்லை என அதில் ஒளிவின்றி அறிவித்தார். கலையை விலைபேசுவது இழிவெனக் கூறிக்கொண்டே அன்பளிப்பின் பெயரால் ஊதியம் பெற்றுவந்த படிப்பாளிகளின் பாசாங்கை அப்பட்டியல் உடைத்தது. கலையும் உழைப்பே என்பதை வெளிப்படையாகக் கூறிய துணிவு அது. ஆனால், யாங்சௌவிலே வெள்ளி வைத்திருந்தோர் அரச உரிமம் பெற்ற உப்பு வணிகர்களே. உழவனை முதல்வனென்றவரின் மூங்கில்கள் அவ்வணிகரின் சுவர்களிலே தொங்கின.

இம்முரண்பாட்டை அவருடைய தனிப்பட்ட குறையாகக் கொள்வது நியாயமன்று. நிலமானியச் சமுதாயத்தில் நேர்மையான ஒருவர் சென்றடையக்கூடிய தூரத்தை அது காட்டுகின்றது. எனவே ஒரு படைப்பை மதிப்பிடுகையில், எதை வரைந்தான் என்ற வினாவோடு நாம் நின்றுவிடலாகாது. எந்த வாழ்விலிருந்து வரைந்தான், அது யார் கையைச் சென்றடைந்தது என்பனவும் கேட்கப்படல் வேண்டும். அவ்வாறு கேட்குமிடத்து, செங் பான்சியாவின் மெலிந்த மூங்கில் துறவியின் தோட்டத்துச் செடியுமன்று, நமது கோஷங்களை எழுதுவதற்குரிய பலகையுமன்று என்பது புலனாகும்.