அட்டவணையில் இல்லாத மீன்

2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையை, ஒரு நாவலைப் படிக்கிற பொறுமையோடு படித்தேன். ஐந்தாம் வகுப்பு வரை மதியம் 450 கலோரி, 12 கிராம் புரதம். எட்டாம் வகுப்பு வரை 700, 20. நடை கச்சிதம்தான். பாத்திரம்தான் இல்லை, பிள்ளை எந்த ஊர் என்றே தெரியவில்லை.

காட்டுப்பள்ளிப் பக்கத்துக் குப்பங்களில் மடவையும் இறாலும் வீட்டுச் சாப்பாடு. 1956-இல் காமராஜர் பசிக்குச் சோறு போட்டார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார், 1989-இல் முட்டை வந்தது. நாமக்கல் முட்டை ஏரிக்கரைவரை வருகிறது. ஏரி மீன் எதிரிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குள் வரவில்லை. கெட்டுப்போகும், முள் சிக்கும் என்பார்கள். நியாயந்தான். முட்டையை எண்ணிக் கணக்கெழுதலாம், அது வேறு சௌகரியம்! ஆனால் காய்ந்த சென்னாக்குன்னிக்கு முள் ஏது? சட்டம் கிராமைத்தான் கேட்கிறது. குழம்பில் என்ன போடுவது என்று முடிவு செய்வது சென்னைதானே?