நெக்ஸான்: பெட்ரோல் வண்டிக்கும் மின்சார வண்டிக்கும் பராமரிப்புக் கணக்கு

டாடா நெக்ஸானின் மின்சார வடிவம் 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. பெட்ரோல் நெக்ஸானின் அதே உடலமைப்பு என்பதால் இரண்டின் பராமரிப்புச் செலவையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம்.

பெட்ரோல் வண்டியில் இருப்பது மூன்று சிலிண்டர் கொண்ட 1.2 லிட்டர் டர்போ எஞ்சின். சர்வீஸுக்கு விடும்போது எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவை தத்தம் முறை வரும்போது பில்லில் ஏறும். கடும் சூட்டில் சுழலும் டர்போவுக்கு நல்ல ஆயில்தான் காப்பு. நெரிசலில் ஓடும் மேனுவல் வண்டி என்றால் கிளட்ச் பிளேட் தனிச் செலவு.

மின்சார வண்டியில் இவை எதுவும் கிடையாது. ஏ.சி. ஃபில்டர், பிரேக் ஆயில், பேட்டரியைக் குளிர்விக்கும் கூலன்ட், 12 வோல்ட் சிறு பேட்டரி, வைப்பர் என்று பட்டியல் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டில் பெட்ரோல் காரின் பராமரிப்புக்கு மைலுக்கு 10.1 சென்ட், மின்சாரக் காருக்கு 6.1 சென்ட். இந்தியக் கூலியும் உதிரிபாக விலையும் வேறு என்றாலும், செலவு குறைவதற்கான காரணங்கள் இங்கும் அவையே.

பிரேக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைக்கிறது; பிரேக் பேட் நெடுநாள் உழைக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் நிறுத்தி வைத்த வண்டியின் முன்சக்கர டிஸ்கில் படியும் செம்பழுப்புத் துரு, பெட்ரோல் வண்டியில் நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். மின்சார வண்டியில் பிரேக்கை அழுத்துவதே குறைவு என்பதால் துரு தங்கிவிடும். கடலோர ஊர்க்காரர்கள் ஆண்டுக்கொரு முறை காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பின்களுக்கு கிரீஸ் வைக்கச் சொல்வது நல்லது. கேட்காவிட்டால் பல இடங்களில் செய்ய மாட்டார்கள்.

டயரில் மின்சார வண்டி தோற்கிறது. எடை நூறு கிலோவுக்கு மேல் கூடுதல். முதலில் வந்த வடிவத்தின் முறுக்குவிசை 245 நியூட்டன் மீட்டர், பெட்ரோலில் 170. சிக்னலில் சட்டென்று சீறிக் கிளம்புகிறவர்களின் முன்டயர் சீக்கிரமே மொட்டையாகும்.

காப்பீட்டில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. 2022 முதல் மின்சார வண்டிகளின் மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 விழுக்காடு சலுகை உள்ளது. ஆனால் வண்டியின் விலை அதிகம் என்பதால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் கூடுகிறது.

எஞ்சியிருப்பது பேட்டரி. முதல் நெக்ஸானில் 30.2 கிலோவாட் மணி பேட்டரி. அதற்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. அதன்பின் பழுதானால் செலவு லட்சங்களில் போகும். பல ஆண்டுகள் ஆயிலில் மிச்சப்பட்ட பணம் அதில் கரைந்துவிடும். ஆகவே புது வண்டி வாங்கி நிறைய ஓட்டி, வாரண்டிக் காலத்துக்குள் மாற்றுகிறவருக்கு மின்சாரமே மலிவு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பேட்டரியின் நிலை குறித்த சர்வீஸ் சென்டர் அறிக்கையையும், வாரண்டி தம் பெயருக்கு மாறுமா என்பதையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.