இயங்கும், இயங்குகிறது, இயங்கிக்கொண்டிருக்கிறது: இடைவிடா வினையைச் சொல்லும் இன்றைய உரைநடை குறித்து

இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது என்று ஓர் அறிவியல் கட்டுரை தொடங்குகிறது. பேச்சுவார்த்தை நடைபெற்று வருகிறது என்று செய்தி அறிவிக்கிறது. இக்கருவி நீரைத் தூய்மை செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு கையேடு விளக்குகிறது. இவற்றுள் எதுவும் இலக்கணப் பிழையன்று. எனினும் எழுதியவர் சொல்லக் கருதியது ஒன்று, தொடர் சொல்வது மற்றொன்று. இடையறாது நிகழும் வினையைப் பல நிலைகளாகப் பிரித்துக் கூறும் வசதி தமிழுக்கு இருந்தும், இன்றைய கட்டுரை நடை அவற்றை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்குகிறது. இதனால் இழக்கப்படுவது நடையழகு மட்டுமன்று, பொருளும்தான்.

இச்சிக்கலைத் தொல்காப்பியம் தெளிவாகவே உணர்ந்திருக்கிறது. மூன்று காலத்திலும் மாறாது நிகழும் இயல்பினைச் சொல்லும்போது நிகழ்காலத்துக்குரிய பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்பது வினையியலில் வரும் ஒரு விதி. உரையாசிரியர்கள் அப்பொதுச்சொல்லைச் செய்யும் என்னும் வாய்பாடாகக் கொள்வர். மலை நிற்கும், ஆறு ஒழுகும் என்பன போன்ற தொடர்கள் இதற்குப் பொருந்தும். மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். மூன்றையும் தனித்தனியே சொல்லாமல் ஒரே சொல்லில் அடக்க முடிகிறது. நன்னூலும் முக்காலத்துக்கும் ஒத்த பொருளை நிகழ்காலத்தால் சொல்லச் சொல்கிறது. ஆனால் அங்கே விதி சற்றே விரிந்திருக்கிறது. நிற்கும், நிற்கிறது ஆகிய இரண்டும் அதனுள் அடங்க இடமுண்டு. இயல்பு வேறு, இப்போது நிகழும் நிகழ்ச்சி வேறு என்னும் கோடு மங்கத் தொடங்கும் இடமாக இதைக் கருதலாம்.

செய்யும் என்னும் முற்று தன்மை, முன்னிலை, பலர்பால் ஆகியவற்றோடு சேராது என்பது பழைய இலக்கணம். இன்றைய வழக்கில் அதன் எல்லை மேலும் சுருங்கி, அஃறிணையோடு மட்டுமே அது இயல்பாக வருகிறது. அங்கும் எதிர்காலப் பொருளோடு கலந்துவிட்டது. வண்டி ஆறு மணிக்கு வரும் என்றால் அது நாள்தோறும் வருவதா, இன்று வரப்போவதா என்பதைச் சூழல்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆயினும் இப்பழைய வடிவம் அழிந்துவிடவில்லை. எவரும் எதிர்பாராத ஓரிடத்தில், மனத்தின் இயக்கங்களைச் சொல்லும் வினைகளில், அது உறுதியாக வாழ்கிறது. எனக்குத் தமிழ் தெரியும் என்பதையும் எனக்கு மலை தெரிகிறது என்பதையும் ஒப்பிடலாம். முன்னது நிலைத்த அறிவு. பின்னது இந்நொடியின் காட்சி. மாம்பழம் பிடிக்கும் என்பது இயல்பு. இந்த மாம்பழம் பிடித்திருக்கிறது என்பது நிகழ்ந்து முடிந்த ஓர் அனுபவத்தின் விளைவு. முடியும், வேண்டும், போதும், புரியும் ஆகியனவும் இவ்வரிசையில் சேரும். காரணம் தேடுவது அரிதன்று. இத்தொடர்களில் அறிபவர் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்க, வினை அஃறிணை முடிபு கொள்கிறது. செய்யும் என்பதற்கு எஞ்சியிருப்பதும் அஃறிணை இடமே. அறிபவர் எழுவாயாக வரும் நினை, நம்பு போன்ற வினைகளில் இவ்வசதி இல்லாததையும் இங்கே நோக்க வேண்டும்.

அந்த நினை என்னும் வினையோடு கொண்டிரு சேரும்போது நிகழ்வது கூர்ந்து நோக்கத்தக்கது. நீங்கள் ஊருக்குப் போய்விட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று ஒருவர் சொன்னால், அந்த நினைப்பு பொய்த்துவிட்டது என்பது சொல்லாமலே விளங்கும். நினைத்தேன் என்பதில் அவ்வுறுதி இல்லை. கொண்டிரு என்பதைத் தொடர்ச்சிக் குறி என்று மட்டும் விளக்குவது இதனால்தான் போதாது. அது முறியக்கூடிய தொடர்ச்சியைக் குறிக்கிறது: தொடக்கம் ஒன்று இருந்தது, முடிவும் ஒன்று வரலாம், இடையில் நிற்கிறோம் என்பதே அதன் உட்பொருள். விபத்துக்குள்ளானவரைப் பற்றி இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது என்றால் அதில் நம்பிக்கையும் அச்சமும் சேர்ந்தே ஒலிக்கின்றன. உடலியங்கியல் கட்டுரையில் அதே தொடருக்கு வேலை இல்லை; அங்கே இதயம் துடிக்கும் அல்லது துடிக்கிறது என்பதே போதும்.

இயந்திரங்களைப் பொறுத்தவரை எழுத்து நடையைக் காட்டிலும் பேச்சு வழக்கு நுட்பமானது. மின்விசிறி ஓடுகிறதா என்பதும் வேலை செய்கிறதா என்பதும் ஒரே கேள்வி அல்ல. முதற்கேள்வி இப்போது சுழல்வது பற்றியது. இரண்டாவது பழுதின்மை பற்றியது. நிறுத்தி வைக்கப்பட்ட விசிறியும் வேலை செய்யும். வினைமுற்றின் வடிவம் தராத வேறுபாட்டை இங்கே வினையடியின் தேர்வே தந்துவிடுகிறது. கையேடுகளும் கட்டுரைகளும் இவ்விரண்டையும் இயங்குகிறது என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டன. பேச்சுச் சொல் தரக்குறைவு என்னும் எண்ணம் துல்லியத்தைப் பலிகொண்டதற்கு இது நல்ல சான்று.

நிறுவனங்களுக்கு உரியது வரு என்னும் துணைவினை. ஒரு பள்ளி 1952 முதல் செயல்பட்டு வருகிறது என்பது செம்மையான தொடர். முன்னொரு புள்ளியில் தொடங்கி, இடையிடையே நின்றாலும் முறை தவறாது, இன்றுவரை வந்து சேர்ந்த செயலை வரு காட்டுகிறது. பள்ளி இரவில் மூடியிருக்கும், கோடையில் விடுமுறை விடும். தொடர்ச்சிக்கு அதனால் ஊறு இல்லை. காவல்துறை விசாரித்து வருகிறது என்பதும் இவ்வாறே சரி. ஆனால் அரங்கில் இந்நேரம் நிகழும் கூட்டத்தை நடைபெற்று வருகிறது என்று செய்தி வாசிக்கும்போது வரு தன் பொருளை இழந்து வெறும் மரியாதைச் சொல்லாகிவிடுகிறது. நடந்துகொண்டிருக்கிறது என்பது பேச்சுச் சாயல் உடையது என்ற தயக்கமே இதற்குக் காரணமாகலாம்.

இக்குழப்பத்துக்கு வகுப்பறையும் ஒரு காரணம். ஆங்கில இலக்கணம் கற்பிக்கும்போது ஆங்கிலத் தொடர்வினைக்குக் கொண்டிருக்கிறது என்னும் ஒரே சமன் சொல்லித் தரப்படுகிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று வீட்டில் பேசும் மாணவர், மொழிபெயர்க்கும்போது உட்கார்ந்துகொண்டிருக்கிறார் என்று எழுதுவது அதன் விளைவு. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி துணைவினைகளின் பொருளை எடுத்துக்காட்டுகளோடு தனியே விளக்க முனைந்தது. எம். ஏ. நுஃமானின் அடிப்படைத் தமிழ் இலக்கணமும் அவற்றுக்கு உரிய இடம் அளித்தது. இவை பாடநூல் எழுதுவோரின் மேசைக்குப் போதிய அளவு சென்று சேரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மொழி மாறும், கொண்டிரு பரவுவதும் அத்தகைய மாற்றமே என்று மறுக்கலாம். மறுப்பு வலுவானது, வரலாறும் அதற்குத் துணை நிற்கிறது. நன்னூல் கூறும் நிகழ்கால இடைநிலைகளுள் ஒன்றான ஆநின்று என்பதில் நில் என்னும் வினை வெளிப்படையாகவே தெரிகிறது. உண்ணாநின்றான் என்பது தொடக்கத்தில் தொடர்ச்சியைக் குறித்து, பின்னர் வெறும் நிகழ்காலமாகத் தேய்ந்திருக்கக் கூடும். உரையாசிரியர் நடையில் செழித்திருந்த அவ்வடிவம் இன்று வழக்கில் இல்லை. கொண்டிரு தேயத் தொடங்கியதற்கும் அறிகுறி உண்டு: ஓடிக்கொண்டிருக்கிறது என்பது போதாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று ஏகாரம் சேர்க்கும் வழக்கு பெருகியுள்ளது. ஆனால் மாற்றம் நிகழ்கிறது என்பது, மாற்றம் முடியும்வரை எப்படியும் எழுதலாம் என்பதற்கு உரிமை ஆகாது.

மருத்துவத் துண்டறிக்கைகளில் இது தெளிவாகப் புலப்படும். காய்ச்சல் மூன்று நாள் இருந்தால் மருத்துவரிடம் வருக என்பது விடாத காய்ச்சலைச் சொல்கிறது. காய்ச்சல் வந்துகொண்டிருந்தால் என்பது விட்டுவிட்டு மீளும் காய்ச்சல், ஏனெனில் வா போன்ற நொடிநேர வினையோடு சேரும் கொண்டிரு மீள்நிகழ்வைக் காட்டும். இவ்விரு காய்ச்சல்களையும் மருத்துவர் வேறுவேறாகவே அணுகுவார். இம்மாத்திரை அழுத்தத்தைக் குறைக்கும் என்பது மருந்தின் இயல்பு. குறைத்து வருகிறது என்பது ஒரு குறிப்பிட்ட நோயாளியின் முன்னேற்றம். இரண்டாவதை மருந்துப் பெட்டியின் தாளில் அச்சிட்டால், படிப்பவர் தம் அழுத்தம் குறைந்துவருவதாகவே எடுத்துக்கொள்வார்.